யாழினி மடையான புதன்கிழமை

1

எங்கள் ஒரத்தநாட்டுப் பக்கத்தில் ‘நாளைக்கு வரும்போது அப்பாவைக் கூட்டிட்டு வா’ என்று வாத்தியார் சொல்லிவிட்டால் அன்றைக்கு அந்த வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. கடல் தாண்டி நியூசிலாந்துக்கு வந்து ஒன்பது வருடமாகியும் எனக்கு அந்தப் பயம் போகவில்லை. ஜூன் கடைசியில் யாழினியின் பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூப்பிட்டிருந்தார்கள். என் கணவர் செந்தில் முழுக்கைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டார். நான் வேலை பார்க்கும் பால்பவுடர் தொழிற்சாலையில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்தேன். காரில் பத்து வயது யாழினிதான் பின்சீட்டில் பாட்டுக் கேட்டபடி நிம்மதியாக வந்தாள்.

வகுப்பறைக்குள் போனால் டீச்சரின் நாற்காலியில் யாழினி போய் உட்கார்ந்துகொண்டாள். டீச்சர் ஓரமாக ஒரு ஸ்டூலில் இருந்தார். எங்களுக்குப் பிள்ளைகள் உட்காரும் குட்டை நாற்காலிகள். செந்திலின் முழங்கால் தாடையை இடித்தது. இந்த ஊரில் இப்படித்தானாம். பிள்ளைதான் கூட்டத்தை நடத்தும். என்ன படித்தேன், எது வந்தது, எது வரவில்லை, இனி என்ன செய்யப்போகிறேன் என்று அதுவே சொல்லும். பெற்றோர் கேட்க வேண்டும். டீச்சரும் கேட்க வேண்டும்.

எனக்கு அது பிடிபடவில்லை. டீச்சர் பக்கம் திரும்பி, “இவள் எத்தனையாவது ரேங்க்?” என்று கேட்டேன். டீச்சர் பெயர் ஹெலன். பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டுமாம். எனக்கு இன்றைக்கும் வாய் வரவில்லை. ஹெலன் சிரித்துக்கொண்டே, “அதை யாஸிடம் கேளுங்கள்” என்றார்.

யாஸ் என்பது யாழினி. அந்தப் பெயரை ஆசையாக வைத்தபோது ழகரம் இவ்வளவு தொல்லை தரும் என்று யார் கண்டது? விசாக் காகிதத்தில் ஓர் எழுத்துக் கூடிவிட்டது. பள்ளிக்கூடக் காகிதத்தில் ஓர் எழுத்துக் குறைந்துவிட்டது. இரண்டும் ஒரே பிள்ளைதான் என்று நான் ஒரு வக்கீல் முன்னால் சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டேன். ஆஸ்பத்திரியில் ஒரு மாதிரி, நீச்சல் குளத்தில் ஒரு மாதிரி கூப்பிட்டார்கள். கடைசியில் அவளே யாஸ் என்று நறுக்கிக்கொண்டாள்.

கணக்கு, அறிவியல், தான் கட்டிய பாலத்தின் மாதிரி என்று எல்லாவற்றையும் கணீரென்று சொல்லிக்கொண்டு வந்தாள். வீட்டில் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிற பிள்ளையா இது என்று எனக்குப் பெருமையாக இருந்தது. பிறகு ஹெலன் மெதுவாக, “உனக்கு எது கஷ்டமாக இருக்கிறது என்று சொல்ல விரும்புகிறாயா?” என்று கேட்டார்.

யாழினி எங்களைப் பார்க்கவில்லை. ஆங்கிலத்தில் சொன்னாள். “தமிழ் பேசுவது கஷ்டம். தப்பாகச் சொன்னால் எங்கள் குடும்பத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். இங்கே யாரும் சிரிப்பதில்லை.”

‘இங்கே’ என்று அவள் சொன்னது அந்த வகுப்பறையை. அம்மாவும் அப்பாவும் இருக்கிற வீட்டைவிட அந்நிய மொழி பேசுகிற ஓர் அறையில் என் பிள்ளைக்குப் பயமில்லாமல் இருந்தது.

2

என்ன நடந்தது என்பதை அன்று வீட்டுக்கு வரும் வழியில்தான் அவளிடமிருந்து கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

போன ஆவணியில் ஊரில் என் தம்பி மகனுக்குக் காதுகுத்து. மொத்தச் சொந்தமும் கூடியிருந்த நேரத்தில் வீடியோ கால் போட்டார்கள். நான் அடுப்படியில் இருந்தேன். போனை யாழினி பிடித்திருந்தாள். சம்பாவுக்கு நாற்று விட்டிருக்கிறார்கள் என்று நான் முதல் நாள் சொன்னதை ஞாபகம் வைத்துக்கொண்டு, மாமாவிடம் அதைப் பற்றித் தமிழிலேயே கேட்க வேண்டும் என்று கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்திருக்கிறாள். நாத்து நல்லா இருக்கா மாமா. நாத்து நல்லா இருக்கா மாமா. அங்கே இத்தனை முகங்களைப் பார்த்ததும் வாய் குழறிவிட்டது.

“நாத்தம் நல்லா இருக்கா மாமா?”

என் தம்பி நல்லவன். ஆனால் சிரிப்பு வந்துவிட்டால் ஊரைக் கூட்டிவிடுவான். “ஏய், இங்க வாங்க எல்லாரும்! நாத்தம் நல்லா இருக்கான்னு கேக்குது நம்ம புள்ள!” என்று போனைப் பந்தல் முழுக்கக் கொண்டுபோயிருக்கிறான். அதற்குப் பிறகு பேசும்போதெல்லாம், “எங்க நம்ம நாத்தக் குட்டி?” என்பான். ஏதோ செல்லப்பேர் என்று நானும் விட்டிருந்தேன். கொஞ்சல்தான். அவனுக்கு அக்கா மகள் என்றால் உயிர். எங்கள் ஊரில் அன்பு பெரும்பாலும் கேலியாகத்தான் வெளியே வரும். அதிலேயே வளர்ந்தவர்களுக்கு அது தெரியும். எங்கேயோ இருந்துகொண்டு ஒரு சின்னத் திரையில் மட்டும் சொந்தங்களைப் பார்க்கிற பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

அன்றோடு சரி. அதற்குப் பிறகு ஊர் போன் வந்தால் ‘ஹாய் மாமா, பை மாமா’வோடு அறைக்குள் போய்விடுவாள். நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். வயசு அப்படி, இந்த ஊர் தண்ணி அப்படி என்று நானும் செந்திலும் எங்களுக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டோம். இங்கே இருக்கிற நம்மவர்களின் பிள்ளைகள் எல்லோருமே கொஞ்சம் கொஞ்சமாக அப்படித்தான் போகிறார்கள். பிள்ளை விலகிப்போகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் பயந்து ஒதுங்கியிருக்கிறாள்.

தமிழ் இல்லாமல் அவள் நன்றாகவே வாழ்ந்துவிடுவாள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. நான்தான் வாழ முடியாது. என் பிள்ளையோடு என் பாஷையில் சண்டை போடவும் சமாதானமாகவும் முடியாமல் வயதாகிப்போவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

3

மறுநாள் கலா அக்காவுக்குப் போன் போட்டேன். அவள் என் கூடப் பிறந்தவள். பேராவூரணிக்குப் பக்கத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு எடுக்கிறாள். நடந்ததை எல்லாம் கொட்டிவிட்டு, “யாழினிக்குத் தமிழ் சொல்லிக்குடுக்கா, வாரத்துக்கு ஒரு நாளாவது” என்று கேட்டேன்.

“நான் சொல்லிக்குடுத்தா அது கத்துக்காதுடி. எங்க கிளாஸ்ல வந்து உக்காரச் சொல்லு. புள்ளைங்க பாத்துக்கும்.”

“புள்ளைங்களா?”

“ஆமா. நான் ஒண்ணும் பெருசா பண்றதில்ல சுமதி. வாயை மூடிக்கிட்டு உக்காந்துருக்கேன். அதுதான்டி ரொம்பக் கஷ்டம்.”

அக்கா வகுப்பின் கதையைச் சொன்னாள். அந்தப் பக்கம் கல்லணைக் கால்வாயின் கடைமடை. கால்வாய் முடிகிற இடம். மேட்டூரைத் திறந்தால் எல்லா ஊருக்கும் பாய்ந்து முடித்துக் கடைசியில்தான் அங்கே தண்ணீர் எட்டிப் பார்க்கும், சில வருடம் எட்டியும் பார்க்காது. தண்ணீர் போதாத வருடங்களில் முறை வைத்து விடுவார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒருநாள் பாசனம் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது கடைசி வரிசையில் இருந்த ஒரு பிள்ளை எழுந்து, “டீச்சர், நாங்களும் கடைமடைதான். நீங்க கேள்வி கேட்டுக்கிட்டு எங்கக்கிட்ட வர்றதுக்குள்ள பெல் அடிச்சுருது” என்றதாம்.

அக்காவுக்குச் சுருக்கென்றிருக்கிறது. சரி, நீங்களே ஒரு முறை வையுங்கள் என்று பிள்ளைகளிடமே விட்டுவிட்டாள். அவர்கள் கூடிப் பேசி வைத்த முறைதான் இன்றுவரை நடக்கிறது. எல்லாம் கடைசி வரிசையிலிருந்து ஆரம்பிக்கும். அன்றைக்கு யார் முறையோ அந்தப் பிள்ளைதான் ‘மடை’. அன்று முதலில் எதைப் படிப்பது, யாரிடம் கேட்பது, எந்தச் சந்தேகத்தை எடுப்பது என்று மடைதான் திறந்துவிட வேண்டும். டீச்சர் பிள்ளைகளோடு பாயில். யாராவது தப்பாகச் சொல்லி இன்னொருவர் சிரித்துவிட்டால், சிரித்தவர் அடுத்து எழுந்து அதே விஷயத்தைப் பேச வேண்டும். இதுவும் பிள்ளைகள் போட்ட சட்டம்தான்.

ஹெலனின் வகுப்பறையில் நடந்ததும் இதுவும் ஒன்றுதானே என்று எனக்குத் தோன்றியது. அதைப் பார்க்க நான் இவ்வளவு தூரம் பறந்து வந்து குட்டை நாற்காலியில் உட்கார வேண்டியிருந்தது. நாங்கள் படித்த காலத்தில் கையைக் கட்டி, வாயில் விரல் வைத்துத்தான் பாடம். கேள்வி என்றால் வாத்தியார் கேட்பது மட்டும்தான்.

4

வெளிநாட்டுப் பிள்ளை போனில் வந்து வகுப்பில் உட்காரும் என்றதும் அக்கா பள்ளியின் தலைமையாசிரியைக்குக் குழப்பம். “எமிஸ் நம்பர் இல்லாத புள்ளைய எப்படிங்க கிளாஸ்ல சேத்துக்கறது?” என்று கேட்டாராம். அரசாங்கக் கணினிப் பதிவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் இருக்கிற எண் அது. வருகைப் பதிவில் காட்ட வேண்டாம், விருந்தாளி மாதிரிதான் என்று அக்கா சொன்னாள். “விருந்தாளின்னா மேல ஒரு வார்த்தை கேட்டுருவோம்” என்றார். மேலே கேட்டதற்கு, எழுத்தில் கேட்கச் சொன்னார்கள். எழுத்தில் கேட்டதற்கு, எந்தத் திட்டத்தின் கீழ் என்று கேட்டார்கள். அக்கா கடைசியில், “பெரியம்மா வீட்டுக்குப் புள்ள வர்ற திட்டம்னு எழுதிக்கட்டுமா சார்?” என்று கேட்டபிறகு சிரித்துவிட்டுச் சரி என்றார்களாம்.

புதன்கிழமை அவர்களுக்குக் காலை பத்து மணி, எங்களுக்குச் சாயங்காலம் நாலரை. ஜூலையில் இங்கே நல்ல குளிர். நாலரைக்கே வெளிச்சம் மங்கத் தொடங்கிவிடும். அக்கா தன் போனை உலக உருண்டையில் சாய்த்துக் கடைசி வரிசையில் வைத்தாள். யாழினி முன்னறைக் கம்ப்யூட்டரில் கேமராவை அணைத்துவிட்டு மேஜை முன்னால் உட்கார்ந்தாள். “வந்து பார்க்கிறேன், பேச மாட்டேன்” என்பதுதான் அவள் என்னோடு செய்துகொண்ட ஒப்பந்தம்.

முதல் வாரமும் அடுத்த வாரமும் பார்த்தாள். அந்த அறையின் சத்தம் என் வீட்டுக்குள் வந்தது. மின்விசிறி கடகடக்கும் சத்தம், தூரத்தில் எவனோ தேங்காய் லாரிக்கு ஹாரன் அடிப்பது, “டீச்சர், இவன் கிள்றான்” என்ற புகார். நான் பக்கத்து அறையில் துணி மடிக்கிற சாக்கில் நின்றுகொண்டே இருந்தேன். ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப மடித்தேன்.

இந்த ஊர் ஆற்றில் வருடம் முழுக்கத் தண்ணீர் போகிறது. கரைபுரண்டு, பச்சை நிறத்தில், யாரும் ஏறிட்டுப் பார்க்காமல் அது பாட்டுக்குப் போகிறது. தண்ணீர் வருமா வராதா என்று யாரும் பாலத்தில் போய் நிற்பதில்லை. காத்திருக்க எதுவுமில்லாத ஊரில் இருப்பது எனக்கு இன்னும் பழகவில்லை. ஆடி பிறந்துவிட்டது, கடைமடைக்குத் தண்ணீர் போயிற்றா என்று தினமும் அக்காவிடம் கேட்டேன். “இன்னும் வரலடி, வந்தா சொல்றேன்” என்பாள்.

5

மூன்றாவது புதன்கிழமை பழைய சுற்று முடிந்து புதுச் சுற்று ஆரம்பித்தது. போன் இருந்தது கடைசி வரிசை. அப்படியென்றால் முதல் முறை யாருக்கு? தர்ஷினி என்று ஒரு பெண், இரட்டைச் சடையும் பெரிய குரலுமாக இருப்பாள், போனுக்கு முன்னால் வந்து குனிந்து, “யாழினி! இன்னைக்கு நீதான் மடை!” என்றாள். பின்னாலிருந்து எல்லோரும் சேர்ந்து, “மடை! மடை!” என்று கை தட்டினார்கள்.

யாழினி கம்ப்யூட்டரைப் படாரென்று மூடினாள். முகம் சிவந்துவிட்டது. தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டபோது அழுகைக்கு நடுவே ஆங்கிலத்தில் சொன்னாள், “அவர்கள் எல்லோரும் சேர்ந்து என்னை மடையன் என்றார்கள். நான் இன்னும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை, அதற்குள்ளேயே.”

அவளுக்குத் தெரிந்த ஒரே மடை அதுதான். செந்தில் கார் ஓட்டும்போது, “பாரு, இண்டிகேட்டர் போடாம திரும்பறான் மடையன்” என்று நாளுக்கு நாலு தடவை சொல்வார். நாங்கள் அவளுக்குப் பிரயாசைப்பட்டுச் சொல்லிக்கொடுத்த தமிழைவிட இது நன்றாகப் பதிந்திருக்கிறது. நான் மடை வேறு, மடையன் வேறு என்று விளக்கப் பார்த்தேன். “நீங்கள் எப்போதும் பிறகுதான் விளக்குவீர்கள். இனிமேல் நான் போகமாட்டேன்” என்றாள்.

அக்காவுக்குப் போன் போட்டு, போதும் விட்டுவிடலாம் என்றேன். “நீயும் நானும் விடறதுக்கு யாருடி? அது புள்ளைங்க கிளாஸ். அவங்கக்கிட்ட சொல்லிடறேன்” என்று வைத்துவிட்டாள். நான் அன்று சரியாகச் சாப்பிடவில்லை. இது போய்விட்டால் அவளிடம் மறுபடி தமிழைக் கொண்டு நீட்ட எனக்கு வேறு வழி தெரியாது என்பது எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

மறுநாள் அக்கா போனிலிருந்து யாழினிக்கு ஒரு குரல் பதிவு வந்தது. பேசியது தர்ஷினி.

“யாழினி, நான் தர்ஷினி பேசறேன். மடைன்னா மடையன் இல்ல. மடைன்னா தண்ணி தொறந்து விடற எடம். மடை தொறந்தாத்தான் வயலுக்குத் தண்ணி. அதான் கிளாஸ் நடத்தறவங்கள மடைன்னு சொல்லுவோம். நான்கூட மடையா இருந்துருக்கேன். அப்பறம், உங்கிட்ட ஒண்ணு கேக்கணும். எனக்கு இந்த கிச்சனும் சிக்கனும் மாறி மாறி வருது. அன்னைக்கு எங்கம்மா சிக்கன்ல இருக்காங்கன்னு இங்கிலீஷ்ல சொல்லிட்டேன். யாரும் சிரிக்கல. டீச்சர் மட்டும் சிரிச்சுட்டாங்க. அதனால டீச்சர எழுப்பி விட்டுட்டோம். அவங்க அம்மா எங்க இருக்காங்கன்னு அவங்க இங்கிலீஷ்ல சொன்னாங்க. அதுலயும் தப்பு இருந்துச்சு. எது சிக்கன், எது கிச்சன்னு மறக்காம இருக்க வழி இருந்தா நீ சொல்லு. வச்சுடறேன்.”

யாழினி அதைக் கேட்டாள். சிரிக்கவில்லை. திரும்பப் போட்டுக் கேட்டாள். பிறகு பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டே வந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. அக்கா சொன்னது சரிதான், அது ரொம்பக் கஷ்டம்.

6

அடுத்த புதன்கிழமை நாலரைக்கு முன்னாலேயே மேஜைக்கு வந்துவிட்டாள். ஒரு தாளில் கோழி ஒன்றும் அடுப்பு ஒன்றும் வரைந்து வைத்திருந்தாள். கேமராவைப் போட்டாள். அந்தப் பக்கம் ஒரே ஆரவாரம். “யாழினி மூஞ்சி தெரியுது டீச்சர்!”

நான் வழக்கம்போலத் துண்டோடு அடுத்த அறையில் நின்றேன். முதலில் கோழியும் அடுப்பும் நடந்தன. சிக்கனுக்குக் கால் உண்டு, கிச்சனுக்கு இல்லை என்பதுதான் அவள் கண்டுபிடித்த வழி. தமிழ் தடுமாறியது. ‘கோழி ஓடுவான்’ என்றாள். யாரும் திருத்தவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வேறொரு பிள்ளை பேசும்போது ‘கோழி ஓடும்ல, அது மாதிரி’ என்று சாதாரணமாகச் சொன்னது. யாழினி அடுத்த தடவை ‘ஓடும்’ என்றாள். அதைக் கேட்டு எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்படி ஒரு திருத்தலை நான் எங்கேயும் கேட்டதில்லை.

பிறகு அவள் கேட்டாள். எழுதி வைத்துப் படிக்கவில்லை, யோசித்து யோசித்து ஒவ்வொரு வார்த்தையாக எடுத்தாள்.

“உங்க ஊர்ல... தண்ணி... வந்துச்சா?”

“நேத்து வந்துருச்சு!” என்று வகுப்பே கத்தியது. “காட்டவா? டீச்சர், காட்டட்டுமா?” என்று தர்ஷினி கேட்பதும், “வரிசையா வாங்க, வாய்க்காக்குள்ள எவனும் எறங்கக் கூடாது” என்று அக்கா சொல்வதும் கேட்டது. போன் ஆடிக்கொண்டே வெளியே போயிற்று. பிள்ளைகளின் காலடிச் சத்தம்; கதவு வழியாக எட்டிப் பார்த்தால் திரையில் வெயில், தென்னை மரங்கள். பள்ளிக்கூடத்தை ஒட்டிய வாய்க்கால் வரும் என்று எனக்குத் தெரியும். என்னால் அதற்குமேல் அடுத்த அறையில் நிற்க முடியவில்லை. எத்தனை வருடமாக நான் கேட்டுக்கொண்டே இருந்த தண்ணீர். ஓடிப்போய் யாழினியின் தோளுக்கு மேலே தலையை நீட்டினேன்.

திரையில் கலங்கலாக, சருகும் நுரையுமாகத் தண்ணீர் அப்போதுதான் தெரிந்தது. அதற்குள் ஒரு பிள்ளை என் முகத்தைப் பார்த்துவிட்டது. “யாழினி அம்மா வந்துட்டாங்கடா” என்றது. அவ்வளவுதான். அத்தனை சத்தமும் அடங்கி, எல்லோரும் சட்டையைச் சரிசெய்துகொண்டு, “வணக்கம்மா” என்று கை கூப்பி நின்றார்கள்.

யாழினி என் பக்கம் திரும்பினாள். கோபமில்லை. வேலை நடக்கும்போது குறுக்கே வந்தவரைப் பார்ப்பது போல ஒரு பார்வை.

“செத்த வெளில இரும்மா” என்றாள்.

செத்த என்றால் கொஞ்ச நேரம். எங்கள் பக்கத்து வார்த்தை. இங்கே மற்ற ஊர்த் தமிழர்களோடு பேசிப் பேசி, ‘யார் செத்தது?’ என்று கேட்பார்களே என்று நான் வந்த வருடமே விட்டுவிட்ட வார்த்தை. இந்த வீட்டில் ஒரு தடவைகூட அதை நான் சொன்னதில்லை. இவள் அந்தப் பிள்ளைகளிடமிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

எனக்கு அந்தத் தண்ணீரை இன்னும் கொஞ்சம் பார்க்க வேண்டும் போல இருந்தது. ஆனால் நிமிர்ந்து வெளியே வந்துவிட்டேன்.

“கதவு” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

சாத்தினேன். உள்ளே மறுபடி சத்தம் தொடங்கியது. எல்லோருடைய குரலோடும் அவள் குரலும் கேட்டது. நடைபாதையில் நின்று, செத்த நேரம் அழுதேன்.